நாலு கோடு நோட்டு

என்னிடம் டைப்ரைட்டிங் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும், பாக்கியமேரி மிஸ் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். நான் அதை மறுக்கப் போவதில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில், எட்டு மிஷின்களை வைத்து இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். எட்டும் ஒரே நேரத்தில் தடதடவென்று அடிக்கும்போது சாந்தமாகப் பேசினால் யார் காதில் விழும்? கத்திக் கத்தி அதுவே சுபாவமாகிவிட்டது. அம்மா போன பிறகு வீட்டில் கத்துவதற்கு ஆளும் இல்லை. அந்தப் பங்கையும் சேர்த்து இன்ஸ்டிட்யூட்டிலேயே கத்தித் தீர்த்தேன்.

மாதப்பன் சாரிடமும் அப்படித்தான் கத்தினேன். அந்த மனுஷரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். குடித்தார் என்கிறார்கள், மூளை கலங்கிப்போனது என்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

ஏரியூர்ப் பக்கத்தில் ராகியும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம் அவருடையது. அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் ஒருவர்தான் படித்து வெளியே வந்தவர். எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருபது வருஷமாக விலங்கியல் விரிவுரையாளர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மனைவி தீர்த்தம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் வந்து போனார். காலேஜுக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரயிலு வந்துட்டு போயிட்டு இருக்குதுங்க, டீச்சர். தனியா இருக்கற மாதிரி தெரியறதில்லீங்க."

என் வீட்டுப் பக்கம் ரயிலும் கிடையாது.

1983-ல் அவர் முதல்முதலாக மாடிப்படி ஏறி வந்தார். பகுதி நேரமாகப் பிஎச்.டி. பதிவு செய்திருந்தார். விலங்கியலில் இல்லை, கல்வியியலில். காலேஜில் எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் காலேஜ்களில் சொல்லிக்கொடுப்பது என்றால் நோட்ஸ் சொல்வதுதான். மணி அடித்ததும் தொடங்கி, மணி அடிக்கிறவரை வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள். அப்படி ஒரு வகுப்பும், கேள்வி கேட்டு நடத்துகிற ஒரு வகுப்பும் வைத்து, மூன்று மாதம் கழித்து யாருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். வாராவாரம் புதன்கிழமை சாயங்காலம் இங்கிலீஷில் எழுதிய பக்கங்களைக் கொண்டுவருவார். நான் டைப் அடித்து வைப்பேன். எனக்கு வாரத்தில் ஆறு நாள் ஒரே மாதிரி, புதன்கிழமை மட்டும் வேறு மாதிரி. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

டைப் அடிப்பவள் ஒருத்தரை முகத்தை வைத்துப் பார்ப்பதைவிடக் கையெழுத்தை வைத்துத்தான் அதிகம் பார்ப்பாள். முதலில் அவர் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஒரு வருஷத்தில் வரியின் கடைசியில் எழுத்து இளைக்கத் தொடங்கியது. இரண்டாம் வருஷம் பக்கம் முழுக்கக் கடுகை இறைத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணை இடுக்கி இடுக்கி எனக்குத் தலைவலி.

"ஏங்க சார், ஊர்ல பேப்பருக்கு அவ்வளவு பஞ்சமா? இதை நான் பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிக்கணுங்களா?"

"பெருசா எழுதறதா நெனச்சுத்தாங்க எழுதறேன்," என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் கோபம் ஏறியது. கீழே போய், சின்னப் பிள்ளைகள் ஏபிசிடி எழுதிப் பழகுகிற நாலு கோடு நோட்டு ஒன்றை வாங்கி வந்து அவர் முன்னால் போட்டேன். மற்ற மிஷின்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நாற்பத்தெட்டு வயது மனுஷரை அப்படிச் செய்திருக்கக் கூடாது. படியில் அவர் இறங்கி முடிப்பதற்குள்ளேயே எனக்கு அது உறைத்தது.

அடுத்த புதன்கிழமை அதே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். எழுத்து கோட்டுக்குக் கோடு தொட்டுக்கொண்டு, பழையபடி குண்டு குண்டாக இருந்தது. நான் பெருமையாகப் பார்த்தேன். என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்றுதான் எண்ணினேன்.

அதே வருஷம்தான் வலது கை ஆடத் தொடங்கியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல உரசிக்கொண்டே இருக்கும். குரல் இறங்கிப்போனது. எல்லாவற்றையும்விட மோசம், முகம் அசையாமல் நின்றுவிட்டது. உள்ளே சிரித்தாலும் வெளியே வராது. கூட வேலை பார்க்கிற ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் போய், மணமக்களைக் கல் மாதிரி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை குட்டி இல்லாதவன், வயிற்றெரிச்சலில் பார்த்தான் என்று அங்கேயே பேச்சு கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிரித்தால் திருப்பிச் சிரிக்காத ஆளிடம் எத்தனை நாள் சிரிப்பார்கள்? மொரப்பூர் பஸ்ஸில் கண்டக்டர், காலையிலேயே ஊத்திக்கிட்டியா என்று கேட்டானாம். அதை அவர் என்னிடம் சொன்னபோதும் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அந்தக் கண்டக்டரைத் தேடிப்போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

தனியாக ரயிலேறிப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்க்கின்சன் நோய் என்றார்கள். மூளையில் ஒரு சுரப்பு குறைவதால் உடம்பின் அசைவு கட்டிப்போகிற நோய். மாத்திரை கொடுத்தார்கள். அதோடு, நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லு, பத்து வார்த்தையைத் திருப்பிச் சொல்லு என்று பரீட்சையும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை விநாடி என்று கணக்கு. இவர் பதில் சொல்வதற்குள் விநாடி தீர்ந்துபோய், 'யோசிக்கும் திறன் குறைவு' என்று சீட்டில் எழுதிவிட்டார்கள்.

"மெதுவுன்னு எழுதியிருந்தா ஒத்துக்குவனுங்க. பதிலு எனக்குத் தெரியுது. வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாவுது. தெரியலைன்னு எழுதிட்டாங்க."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் இந்தத் தடவை அவர் மேல் இல்லை.

"எங்க தொழில்ல ஸ்பீடுக்கு ஒரு மார்க்கு, தப்புக்கு ஒரு மார்க்குங்க சார். மெதுவா அடிக்கறவன் எல்லாம் தப்பா அடிக்கறவன்னு ஆயிருமா? ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்ட டாக்டரு எந்த ஊரு டாக்டரு?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் ஸ்டாப் வாட்சைக் கொஞ்சம் தருகிறீர்களா என்று கேட்டார்.

பரீட்சைக்கு வேகம் பார்க்க நான் வைத்திருந்த கடிகாரம் அது. அன்றிலிருந்து புதன்கிழமைகளில் நான் அவருக்குப் பரீட்சை வைத்தேன். வார்த்தைகளைப் படிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். சீட்டுகளைக் கலைத்துப் போடுவேன், இனம் பார்த்து அடுக்குவார். நேரம் ஒரு கட்டம், தப்பு ஒரு கட்டம். ஒப்பிட்டுப் பார்க்க என் இன்ஸ்டிட்யூட் பிள்ளைகளையும் உட்காரவைத்தோம். நாற்பது தடவை செய்தோம். அவருக்கு அவர்களைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது. தப்பு மொத்தம் இரண்டுதான்.

அவர் வகுப்பிலும் ஒரு விஷயம் நடந்தது. முன்பெல்லாம் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விடுவதற்குள் தானே பதிலையும் சொல்லிவிடுவாராம். இப்போது நினைத்தாலும் முடியவில்லை. கேட்டுவிட்டு வாய் கட்டிப்போய் நிற்பார். பத்து விநாடி, பதினைந்து விநாடி வகுப்பே அமைதியாக இருக்கும். அந்த அமைதி தாங்காமல் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மூன்று வருஷம் பெயரைத் தவிர வேறு வாய் திறக்காத பெண் ஒருத்தி, மீனுக்கு ஏன் கண்ணிமை இல்லை என்று தானே யோசித்துச் சொன்னாளாம். வாத்தியார் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளைகள் யோசிக்கிறார்கள் என்று அவர் எழுதினார். உடம்பு மெதுவாகிவிட்டால் புத்தி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்து, ஆராய்ச்சியில் புது அத்தியாயமே போட்டார். அதை முடிக்க இன்னும் ஒரு வருஷம் அவர் வகுப்பில் நிற்க வேண்டும். அது ஒன்றைத்தான் அவர் விரும்பினார். வீட்டில் யாரும் இல்லாத மனுஷருக்குப் போவதற்கு இருந்த இடமும் அது ஒன்றுதான்.

ஆனால் நோட்ஸ் தராத வாத்தியார் என்று பிள்ளைகளில் சிலர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பிரமை பிடித்தவர் மாதிரி நிற்கிறார் என்று அதில் இருந்தது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக அவர் வராந்தாவில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். கோட்டைத் தாண்டு என்றால் அவர் கால் கேட்கும், சும்மா நட என்றால் கேட்காது. அதையும் மந்திரம் கிந்திரம் என்று பேசினார்கள். பிரின்சிபால் சொல்ல, அட்டெண்டர் ஆண்டி தினமும் அழித்தார். சார் மறுநாளும் போட்டார்.

1986 ஜூனில் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. நிர்வாகக் கமிட்டி முன்னால் வர வேண்டும். குரல் எழும்பாததால் எழுத்திலேயே பதில் தரலாம். கேள்விகள் அங்கே கொடுக்கப்படும், நேரம் ஒரு மணி. புத்தி தெளிவாக இருக்கிறது என்று தெரிந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் ஓய்வு.

கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தார். பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பேனா இரண்டு, மாத்திரை, நாலு கோடு நோட்டு.

"ஏங்க சார், இதையா கொண்டுபோறீங்க? பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருப்பாங்க. இதைப் பாத்ததுமே முடிவு பண்ணிருவாங்களே."

நான் ஏற்கெனவே தயாராக இருந்தேன். நல்ல கனமான வெள்ளை பாண்டு பேப்பர் சேலத்திலிருந்து வரவழைத்து, ஃபுல்ஸ்கேப் அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு டேக் கட்டி வைத்திருந்தேன். கோடு கீடு எதுவும் இல்லாத பால் மாதிரி பேப்பர். நோட்டை எடுத்து என் மேஜையில் போட்டுவிட்டு அதை வைத்தேன்.

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பதினெட்டு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். புதிதாக வருகிற பிள்ளை எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கும். ஒரு மாதம் போனதும் கை மேல் அட்டையை வைத்து மறைத்துவிடுவேன். பார்க்காதே, விரலுக்குத் தெரியும் என்பேன். விரல் ஒரு தடவை பழகிவிட்டால் மறக்காது. நாலு கோட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் எழுதியாயிற்று, இனி கோடு எதற்கு?

அவர் பையைத் திறந்து அந்தப் பேப்பரைத் தொட்டுப் பார்த்தார். டேக் முடிச்சை விரலால் தடவினார். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. நான்தான் அவசரக்காரி ஆயிற்றே, நேரமாகிறது, மொரப்பூர் பஸ் போய்விடும் என்று கிளப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஆண்டி மேலே வந்தார். வராந்தாக் கோட்டை அழித்தவர்தான், ஆனாலும் கண் கலங்கி இருந்தது.

"ஸ்கேலு வேணும்னு கேட்டாருங்க டீச்சரம்மா. நான்தான் எடுத்தாந்து குடுத்தேன். பேப்பர்ல கோடு போட ஆரம்பிச்சாரு. கை ஆடுதுல்லீங்களா, ஸ்கேலு வழுக்கிட்டே இருக்குது. மறுபடி மறுபடி போடறாரு. பாதி நேரம் கோடுதாங்க. கேள்விய படிக்கச் சொன்னா இந்தாளு கோடு போட்டுட்டு உக்காந்திருக்கறாரேன்னு அவங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. அதோட முடிஞ்சுதுங்க."

அந்தத் தாளையும் கேள்வித்தாளையும் குப்பையிலிருந்து எடுத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். சார் எழுதிய தாளில் கோணல் மாணலாக ஏழெட்டுக் கோடுகள் இருந்தன. கோட்டுக்குள் எழுதியிருந்த இரண்டு வரி நன்றாகப் படிக்க முடிந்தது. முதல் கேள்விக்குச் சரியான பதில் அந்த இரண்டு வரியிலேயே இருந்தது. நேரம் போய்விட்டதென்று அதற்குக் கீழே கோடில்லாமல் எழுதியதெல்லாம் கடுகாகி, கடைசியில் வெறும் கீறலாகிவிட்டது.

எனக்கு அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்தது. பீரோவைத் திறந்து அவருடைய கார்பன் காப்பிகளைப் புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. கோடு போட்ட தாளில் எழுத்தின் அளவு குறைவதில்லை. கோடில்லாத தாளில் மூன்றாவது வரிக்குள் சுருங்கிவிடுகிறது. எவ்வளவு பழகினாலும் இது மாறவில்லை. பழக்கத்தில் தானாக நடக்கிற வேலையைத்தான் இந்த நோய் முதலில் கெடுக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தால் கை கேட்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நானே அடித்த பக்கம். பொருளைப் படித்தால் வேகம் குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், எழுத்தை மட்டும் பார்த்து அடித்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தப்பு இல்லை. அன்றைக்கு இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டு, பூட்டிய கதவுக்கு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

பத்து நாளில் ஓய்வு உத்தரவு வந்தது. மொரப்பூர் அறையைக் காலி செய்துவிட்டு, அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்றார். வகுப்பு இல்லாமல் ஆராய்ச்சியும் அத்தோடு நின்றது. ஒரு ட்ரங்க் பெட்டியோடு ஏரியூர் பஸ்ஸுக்காக அவர் நின்றிருந்தபோது நானும் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"கோடில்லாம எழுத வராதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே சார். நீங்களே எழுதியிருக்கறீங்க. அப்பறம் ஏங்க அன்னிக்கு எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். முகம் அசையவில்லை. முன்பாக இருந்தால் இரண்டு தடவை திருப்பிக் கேட்டிருப்பேன், பதிலையும் நானே சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பேசாமல் நின்றேன். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது.

பஸ் வந்துவிட்டது. வழியனுப்ப வந்திருந்த ஆண்டி பெட்டியை மேலே போட்டார். சாருக்குப் படியருகே கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஏறுங்க பெருசு, டைமாவுது," என்றான் கண்டக்டர். என் கைப்பையில் எப்போதும் கரும்பலகைக்கு வைத்திருக்கிற சாக்பீஸ் இருந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் தரையில் குந்தி, அவர் காலுக்கு முன்னால் நாலு கோடு போட்டேன். அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகத் தாண்டி, படியில் கால் வைத்து ஏறிவிட்டார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் விசில் கொடுத்தான். அப்போதுதான் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எனக்குன்னு வரவழைச்சு, பாத்துப் பாத்து வெட்டி, டேக் கட்டி வெச்சிருந்தீங்க, டீச்சர். தீர்த்தம்மா போனதுக்கு அப்பறம் எனக்குன்னு யாரும் எதையும் எடுத்து வெச்சதில்லீங்க. அதை எப்பிடிங்க வேண்டாம்னு சொல்றது?"

நான் கேட்டு ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. பஸ் நகர்ந்து பென்னாகரம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. கையில் சாக்பீஸோடு நான் அங்கேயே நின்றிருந்தேன்.